ஆயி ஊர் அம்மையார்

ஷாம்பேன் செய்த ஓர் அம்மாளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா உங்களுக்கு?" என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரம் வைத்திருக்கிற மொழியில் பிறந்தவன் நான். அந்தப் பானத்தைச் சினிமாவில் பார்த்திருக்கிறேன். தக்கை தெறிப்பதும் நுரை பொங்குவதும் தெரியும், ருசி தெரியாது. ஆகவே ருசியைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்து வந்தது மது அல்ல. ஒரு குடும்பப் பெயர்.

சரித்திரப் புத்தகத்தில் 1752-ஆம் வருஷத்துத் திருச்சி முற்றுகையைப் படித்திருப்பீர்கள். சந்தா சாகிபுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒடுங்கிக்கொண்டு, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போயிற்று. கிளைவின் பெயர் ஓங்கிற்று. அந்தப் பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக இருந்தவர் ழாக் லா. தோற்றவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. அவருக்கும் அவ்வளவுதான் கிடைத்தது.

அவருடைய அண்ணன் ழான் லா த லோரிஸ்தோன். 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கையில் ஊர் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பிற்று. ஊர் என்பது அப்போது செங்கல் குவியல். அதைப் பெற்றுக்கொண்டு, 1765-இல் கவர்னராக உட்கார்ந்து, மறுபடி கட்டி எழுப்பியவர் இந்த ழான் லா. 1768-இல் புதுச்சேரியிலேயே அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் நெப்போலியனுடைய தளபதிகளில் ஒருவராகி, மாஸ்கோ எரிந்த பிறகு ரஷ்யத் தளபதி குத்துஸோவிடம் சமாதானம் கேட்டுத் தூது போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

இந்தச் சகோதரர்களுக்குப் பெரியப்பா ஒருவர் உண்டு. அவர்தான் ஜான் லா. ஸ்காட்லாந்துக்காரர், கணக்கில் புலி, சூதாட்டத்திலும் புலி. 1716-இல் பாரிஸில் பாங்கி ஆரம்பித்து, தங்கத்துக்குப் பதில் காகிதத்தை நம்புங்கள் என்று ஒரு தேசத்துக்கே சொன்னார். தேசமும் நம்பியது. அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள செல்வத்தைக் காட்டிக் கம்பெனிப் பங்குகளை விற்றார். விலை ஏறிற்று, ஏறிற்று, 1720-இல் சரிந்து விழுந்தது. காலையில் லட்சாதிபதியாக இருந்தவன் மாலையில் கடனாளியானான். ஜான் லா ஓடிப்போய் 1729-இல் வெனிஸ் நகரத்தில் காலமானார். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பிறகு நெடுங்காலம் 'பாங்கி' என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள் என்று சொல்வதுண்டு.

இப்படி ஒரு குடும்பம். ஒருவர் காகிதத்தில் கோட்டை கட்டினார், ஒருவர் கோட்டையைப் பறிகொடுத்தார், ஒருவர் இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஊரைக் கட்டினார். இந்த லோரிஸ்தோன் குடும்பத்தில் 1899-ஆம் வருஷம் ஒரு பெண் பிறந்தாள். எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். லில்லி என்று கூப்பிட்டார்கள்.

1923-இல் லில்லிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை ழாக் பொலான்ஜே. ஊர், ஷாம்பேன் பிரதேசத்தில் மார்ன் நதிக்கரையில், எபெர்னேக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை அவர்கள் 'ஆயி' என்றே உச்சரிக்கிறார்கள். புதுச்சேரி ஆயி மண்டபத்தைப் பார்த்தவர்கள் இதில் ஏதோ பூர்வஜன்ம சம்பந்தம் தேட வேண்டாம். சும்மா ஓர் ஒற்றுமை. எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டுக் கதையும் சுவாரஸ்யமானது. அந்த வியாபாரம் 1829-இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. திராட்சைத் தோட்டம் வில்லேர்மோன் என்ற பிரபுவினுடையது. உழைப்பும் வியாபாரத் திறமையும் ஜெர்மனியிலிருந்து வந்த ஜோசப் பொலான்ஜேயினுடையது. ரெனோதேன் என்பவர் மூன்றாமவர். புட்டியில் ஒட்டின சீட்டில் ரெனோதேன் பெயரும் பொலான்ஜே பெயரும் இருந்தன. பிரபுவின் பெயரை மட்டும் காணோம். கடைச்சரக்கில் பெயர் வருவது பிரபு வம்சத்துக்கு இழுக்கு. தோட்டம் கொடுப்பார், பெண் கொடுப்பார், பெயர் மட்டும் கொடுக்கமாட்டார். 1837-இல் ஜோசப் பொலான்ஜே அந்தப் பிரபுவின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். கௌரவத்தின் கணக்கு எந்த ஊரிலும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. அதே வீட்டுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வாழ வந்த பிரபு குலத்துப் பெண், உலகத்தின் பாதி ஊர்களில் அந்தச் சரக்கை விற்கப்போகிறாள் என்று வில்லேர்மோன் பிரபு கனவு கண்டிருக்கமாட்டார்.

ழாக் பொலான்ஜே 1918-லிருந்தே வியாபாரத்தைப் பார்த்துவந்தவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் லில்லி அந்த வீட்டின் எஜமானியாக இருந்தார். குழந்தை இல்லை. 1940-இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1941-இல் கணவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அந்த 1941-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் அந்நியச் சேனை. திராட்சை ரசத்தைக் கொள்முதல் செய்வதற்கென்றே ஜெர்மானியர்கள் ஓர் அதிகாரியைப் போட்டிருந்தார்கள்; கிளேபிஷ் என்று பெயர். வாரத்துக்கு லட்சக்கணக்கான புட்டிகள் வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. விலையும் அவர் வைத்ததுதான். தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு சபை வைத்து அவரோடு பேரம் பேசினார்கள். அந்தச் சபைக்குத் தலைமை வகித்த ரொபேர்-ழான் த வோகுவேயை 1943 நவம்பரில் பிடித்துப்போய் மரணதண்டனை விதித்தார்கள். தண்டனையை நிறைவேற்றாமல் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். மனிதர் எப்படியோ உயிரோடு திரும்பினார். வேலைக்கு வலுவான ஆண்கள் இல்லை. பெட்ரோல் இல்லை. வீட்டில் ஆண்துணை என்று சொல்வார்களே, அதுவும் இல்லை. இந்த நிலைமையில் தோட்டத்தையும் நிலவறையையும் ஒரு விதவையின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் போய்விட்டார்.

விதவை என்ற வார்த்தை இங்கே முக்கியம். அதைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும்.

1804-இல் நெப்போலியன் காலத்தில் எழுதிய சட்டப்படி, பிரெஞ்சு தேசத்துப் பெண் மைனராக இருக்கும்வரை தகப்பனுக்கு அடங்கியவள். கல்யாணமானபிறகு கணவனுக்கு அடங்கியவள். அவன் அனுமதி இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமுடியாது. கணவன் இறந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் ஒரு முழு மனுஷியாகத் தெரிவாள். ஷாம்பேன் பிரதேசத்தில் பெரிய பெரிய வீடுகளை நடத்திய பெண்களெல்லாம் விதவைகளாக இருந்த ரகசியம் இதுதான். கிளிக்கோ வீட்டுப் பெண் 1805-இல் இருபத்தேழு வயதில் கணவனை இழந்து, அறுபது வருஷம் வாழ்ந்து, அந்தத் தொழிலையே மாற்றி அமைத்துவிட்டுப் போனாள். பொம்மெரி வீட்டு விதவை, தித்திப்பு இல்லாத ஷாம்பேனை 1874 அறுவடையில் செய்து இங்கிலாந்தை மயக்கினாள். கிளிக்கோ புட்டிகளில் இன்றைக்கும் 'வெவ்' என்ற பிரெஞ்சு வார்த்தையைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். விதவை என்று அர்த்தம். கல்யாண விருந்துகளில் அந்தப் புட்டியைத்தான் திறக்கிறார்கள். சகுனம் பார்க்கிற வீடுகளில் வளர்ந்த நாம் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

லில்லி அம்மையார் தோட்டத்தை ஏற்றுக்கொண்டபோது பிரெஞ்சுப் பெண்களுக்கு வோட்டு கிடையாது. 1944-இல்தான் அந்த உரிமை வந்தது. 1945-இல் முதல் முறையாகப் போட்டார்கள். கணவன் ஆட்சேபித்தால் மனைவி ஓர் உத்தியோகத்துக்குப் போகமுடியாது என்ற விதி 1965 வரைக்கும் இருந்தது. அந்தச் சட்டம் போவதற்கு இருபத்துநான்கு வருஷம் முன்பிருந்தே இந்த அம்மாள் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் முதலாளி. அதற்கு அவர் கொடுத்த விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பெட்ரோல் இல்லாததால் சைக்கிள் ஏறினார். பிரபு வீட்டுப் பெண், நாற்பதைத் தாண்டியவர், கொடிகளுக்கு நடுவே மண்பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போய்த் தோட்டம் தோட்டமாகப் பார்வையிட்டார். யுத்தம் முடிந்தது, பெட்ரோல் வந்தது, கார்கள் வந்தன. அம்மையார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அந்தக் கோலத்தில் அவருடைய புகைப்படம் ஒன்று பிரசித்தம். காரில் போகிறவருக்குத் தோட்டம் தெரியும், கொடி தெரியாது. நடந்து போகிறவருக்குக் கொடி தெரியும், ஆனால் ஒரு நாளில் எத்தனை தோட்டம் நடக்கமுடியும்? இரண்டுக்கும் நடுவே சைக்கிள்தான் சரியான வேகம் என்று அவர் கண்டிருக்கவேண்டும். இது என் ஊகம். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு உரிமை உண்டு.

1944 ஆகஸ்டில், விடுதலைக்குச் சில நாட்களுக்கு முன்னால், ஆயி ஊர்மேல் குண்டு விழுந்தது. ஊரின் ஒரு பகுதி இடிந்து போயிற்று. மாத முடிவுக்குள் அமெரிக்கச் சேனை வந்துவிட்டது. புதுச்சேரியை மறுபடி கட்டின குடும்பத்துப் பெண்ணுக்கு, இடிபாட்டுக்கு நடுவே வேலையைத் தொடங்குவது ரத்தத்திலேயே இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ரத்தத்தைப் பற்றி நான் அப்படியெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆகையால் எழுதவில்லை.

யுத்தத்துக்குப் பின் அவர் செய்தவற்றில் பாதி, எந்த நல்ல வியாபாரியும் செய்யக்கூடியவை. புதிது புதிதாகத் தோட்டங்கள் வாங்கினார். வெளிநாடுகளுக்குப் போய் விற்றார். அவர் காலத்தில் விற்பனை இரட்டித்து, ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் புட்டி என்றாயிற்று. 1961-இல் லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர், நீங்கள் எப்போது ஷாம்பேன் குடிப்பீர்கள் என்று அவரைக் கேட்டார். சந்தோஷமாக இருந்தாலும் குடிப்பேன், துக்கமாக இருந்தாலும் குடிப்பேன் என்று தொடங்கி, தனியாக இருந்தால், கூட்டம் இருந்தால், பசித்தால், பசிக்காவிட்டால் என்று எல்லாச் சமயத்தையும் அடுக்கிவிட்டு, மற்றபடி தாகம் எடுத்தாலொழியத் தொடுவதே இல்லை என்று முடித்தார். அந்தப் பதில் உலகம் முழுவதும் சுற்றிற்று. விளம்பரக் கம்பெனிகள் எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காத பதில். இதையெல்லாம் வைத்து மட்டும் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்காரவில்லை.

மற்றப் பாதிதான் விசேஷம். அது புரிய வேண்டுமானால் ஷாம்பேன் செய்கிற முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திராட்சை ரசத்தை ஒருமுறை பீப்பாயில் புளிக்கவைக்கிறார்கள். பிறகு சர்க்கரையும் நொதியும் சேர்த்துப் புட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். புட்டிக்குள்ளேயே மறுபடி புளிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ரசத்திலேயே கரைந்து நிற்கிறது. லாரிச் சக்கரத்துக்குள் இருக்கிற அழுத்தத்தை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் அடைத்து வைத்தது போல. வேலை முடிந்த நொதி செத்து, மண்டியாக அடியில் படிகிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில், வெயில் காலத்திலும் சில்லென்ற இருட்டில், புட்டிகள் படுத்துக் கிடக்கின்றன. கடைசியில் அவற்றைத் தலைகீழாகச் சாய்த்து, தினம் சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். துளைபோட்ட பலகையில் புட்டியைச் செருகித் திருப்புகிற இந்த வித்தை கிளிக்கோ வீட்டு விதவையின் நிலவறையில் பிறந்தது. பின்பு மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் வேகத்தில் மண்டி வெளியே தெறித்துவிடும். குறைந்த இடத்தை நிரப்பித் தக்கை போட்டு அனுப்பவேண்டியதுதான்.

மண்டியை எப்போது எடுப்பது? அங்கேதான் பணம் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடை என்று பெயர்போட்டு விற்கிற சரக்கை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் மண்டியோடு கிடக்கிறவரை ரசம் மூப்படைவதில்லை என்பதும், நாளாக ஆகப் புதுப் புது மணம் சேர்கிறது என்பதும் அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மண்டி காவல் காக்கிறது. எடுத்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து ரசத்துக்கு வயது ஏறத் தொடங்கும். நிலவறைக்காரர்கள் இப்படிப் பழைய புட்டிகளை அவ்வப்போது திறந்து தங்களுக்குள் ருசி பார்ப்பது வழக்கம். லில்லி அம்மையார் அந்த ரகசியத்தைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1952 அறுவடையை நிலவறையிலேயே கிடக்கவிட்டு, பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, அறுபதுகளில் மண்டி எடுத்து, 'அண்மையில் மண்டி நீக்கியது' என்று அர்த்தம் தரும் இரண்டு எழுத்தோடு, 'ஆர். டி.' என்று விற்றார்.

பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷமும் முதல் முடங்கிக் கிடக்கிறது. வட்டிக் கணக்குப் பார்க்கிறவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் கதறியிருப்பான். பிள்ளையில்லாத ஓர் அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டிய பின், யாருக்காகக் காத்திருந்தார்? தம்முடைய காலத்திலேயே அது விற்கும் என்று கூட நிச்சயம் கிடையாது. இந்தச் சமயத்தில் எனக்கு அந்தப் பெரியப்பா ஞாபகம் வருகிறது. நாளை வரப்போகிற செல்வத்தை இன்றைக்கே காகிதத்தில் எழுதி விற்றவர் ஜான் லா. இன்றைக்குக் கையிலிருக்கிற சரக்கைப் பத்து வருஷம் இருட்டில் போட்டுவைத்தவர் இந்தப் பெண். இரண்டும் ஒரே குடும்பப் பெயர். சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனை வெட்கப்பட வைக்கும். நாங்கள் எழுதினால் செயற்கை என்று வாசகர் கடிதம் வரும்.

இன்னொன்று, மரப் பீப்பாய். ஐம்பது அறுபதுகளில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக உலோகத் தொட்டிகளுக்கு மாறின. கழுவ எளிது, ஆட்கூலி குறைவு, எல்லாம் ஒரே சீராக வரும். பொலான்ஜே வீட்டில் பழைய ஓக் மரப் பீப்பாய்களை விடவில்லை. அவற்றைச் செப்பனிடத் தச்சர் ஒருவரையும் வைத்துக்கொண்டார்கள். பழமைப் பித்து என்று அப்போது சொல்லியிருப்பார்கள். நானே கூடச் சொல்லியிருப்பேன். பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இந்த அம்மாள் புதியதை எல்லாம் ஒதுக்கினவர் அல்ல. ஆர். டி.யைப் போல அதுவரை யாரும் விற்றதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று நாவால் பார்த்து முடிவு செய்தார். அந்த நாக்கு நமக்கு இல்லாததால் பீப்பாய் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

எல்லாவற்றையும்விட என் மனசைத் தொட்டது கொடிகளின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு சின்னப் பூச்சி, திராட்சைக் கொடியின் வேரைத் தின்று பிரெஞ்சு தேசத்துத் தோட்டங்களையெல்லாம் அழித்தது. 1860களில் தெற்கே தொடங்கி, 1890களில் ஷாம்பேன் பிரதேசத்தை எட்டிற்று. மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், பூச்சியைத் தாங்கி வளரும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் பிழைத்தார்கள். இன்று அந்தத் தேசத்தில் நீங்கள் பார்க்கும் கொடிகள் அநேகமாக எல்லாமே ஒட்டுக் கொடிகள். இலையும் பழமும் உள்ளூர், வேர் அமெரிக்கா.

பொலான்ஜே வீட்டைச் சேர்ந்த சில துண்டு நிலங்கள் மட்டும் தப்பின. ஆயியில் இரண்டு, பக்கத்தில் பூஸி என்ற ஊரில் ஒன்று. ஏன் தப்பின என்று யாராலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அங்கே கொடிகளைப் பழைய முறையில் பதியன் போட்டே வளர்த்து வந்தார்கள். நம் வீட்டு மல்லிகைக்குச் செய்வதுதான்: கொடியை வளைத்து மண்ணில் புதைத்தால், புதைத்த இடத்தில் வேர் பிடித்து இன்னொரு செடியாகிறது. வரிசை கிடையாது. கூட்டம் கூடினாற்போல் கொடிகள் நெருக்கியடித்து நிற்கும். இயந்திரம் உள்ளே போகாது. எல்லாம் கைவேலை, குதிரை வேலை. கிடைக்கிற ரசமோ சொற்பம். லாப நஷ்டம் பார்க்கிறவன் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுக்கொடி நட்டிருப்பான். அம்மையார் வெட்டவில்லை. சிரில் ரே என்ற ஆங்கிலேய எழுத்தாளர் கொடுத்த யோசனையின்பேரில், 1969 அறுவடையில் இந்தக் கொடிகளின் ரசத்தை மட்டும் தனியாக எடுத்துப் புட்டியில் அடைத்தார்கள். 'பழைய பிரெஞ்சுக் கொடிகள்' என்று பெயர். அம்மையாருக்கு அப்போது எழுபது வயது.

1971-இல் பொறுப்பை உறவினரான குளோத் தோத்ஃபேயிடம் ஒப்படைத்தார். 1977-இல் காலமானார். மறு வருஷம் அவருடைய சகோதரியின் மகன் கிறிஸ்தியான் பிஸோ தலைமைக்கு வந்தார். தோட்டம் அந்நியர் கைக்குப் போகவில்லை, குடும்பத்திலேயே இருக்கிறது. ஷாம்பேன் உலகத்தில் பெரிய பெரிய வீடுகள் பலவற்றைப் பெருங்கம்பெனிகள் வாங்கிவிட்ட காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. பிள்ளையில்லாத சொத்து என்ன கதியாகும் என்று நம் ஊர்க் கோர்ட்டு வராந்தாக்களில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த மூன்று துண்டு நிலங்களில் பூஸியில் இருந்த ஒன்றை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தப் பூச்சி கண்டுபிடித்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் தப்பியிருந்த கொடிகள் பட்டுப்போயின. ஆயியில் உள்ள இரண்டும் இருக்கின்றன. அங்கே இன்னும் பதியன்தான் போடுகிறார்கள்.